செப்புத் தகட்டில் ஏற்றிய பச்சை உதிர்கிறது, கிளியர் அடித்தால் கறுக்கிறது: எங்கே தவறு?

அரூபன்

வணக்கம். சுவரில் மாட்டும் அரூப வேலைகளைச் செப்புத் தகட்டில் செய்கிறேன். உருவம் எதுவும் கிடையாது. பச்சை, நீலம், கருப்பு, செம்பின் சொந்த நிறம், இவை ஒன்றையொன்று தொடும் இடங்கள்தான் படம். யாரிடமும் படித்ததில்லை, தானாகக் கற்றதுதான். அடிப்படையே தவறாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போதைய முறை இது. 26 கேஜ் தகடு, 2 அடிக்கு 2 அடி. பஃப் வீலில் பளபளப்பாக்கி, துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை வினிகர் 200 மி.லி.-இல் கல் உப்பு மூன்று மேசைக்கரண்டி கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் அடிக்கிறேன். நாளுக்கு நான்கைந்து முறை, மூன்று நாள். நல்ல பச்சையும் இடையிடையே நீலமும் வருகின்றன.

அதற்குப் பிறகுதான் சிக்கல். விரல் பட்டால் மாவாக ஒட்டுகிறது, பத்து நாளில் செதில் செதிலாகக் கழன்று அடியில் இளஞ்சிவப்புச் செம்பு தெரிகிறது. உதிராமல் இருக்க ஹார்டுவேர் கடை அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே அடித்தால் நீலமெல்லாம் கரும்பச்சை ஆகிவிடுகிறது. அப்படிக் கிளியர் அடித்த ஒரு தகட்டில் ஒரு மாதம் கழித்து அங்கங்கே வெளிர்பச்சைப் புள்ளிகள் கிளம்பின. காலையில் பார்த்தால் அந்த இடங்கள் வியர்த்தது போல் இருக்கின்றன. இன்னொன்று, எம்.டி.எஃப். பலகையில் சிலிக்கான் வைத்து ஒட்டிய தகட்டில் ஓரம் முழுக்க ஒரு பச்சைக் கோடு, நடுவில் தகடு உப்பி நிற்கிறது.

இடம் சென்னை, கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

களிம்பேறி

உங்கள் நான்கு சிக்கலில் மூன்றுக்கு வேர் ஒன்றுதான். உங்கள் பச்சை செம்பிலிருந்து வளரவில்லை, செம்பின் மேல் காய்ந்து கிடக்கிறது. நம் மொழியில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, களிம்பு. உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பதற்காகத்தான் அந்த உவமை. வேலை செய்யும்போது இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் 1886-இல் நிறுவிய சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகடு முழுதும் பச்சையாக மாற ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. நீங்கள் மூன்று நாளில் கேட்கிறீர்கள். மூன்று நாளில் கிடைப்பது கரைசல் காய்ந்து விட்டுச்சென்ற உப்புப் படிகமும் அசிடேட்டும்தான். இரண்டு வாரம் கொடுத்தால் களிம்பு கிடைக்கும்.

முதலில் பளபளப்பாக்குவதை விட்டுவிடுங்கள். கண்ணாடி போன்ற பரப்பில் எதற்கும் பிடிப்பு இல்லை, பஃப் சோப்பின் மெழுகு வேறு தங்கிவிடும். 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றித் தேயுங்கள். பிறகு பியூமிஸ் பவுடரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் சேர்த்து நைலான் பிரஷால் இன்னொரு முறை. கழுவிவிட்டுத் தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி எங்காவது திரண்டு உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் முகப்பைத் தொடக் கூடாது. இன்று தெரியாத கைரேகை ஐந்தாம் நாள் பச்சைக்குள் தெரியும்.

அடுத்து, பச்சைக்கு முன்னால் கருப்பு. வெறும் செம்பின் மேல் நேராகப் பச்சை ஏற்றினால் கழன்ற இடம் புண் போலப் பளிச்சென்று தெரியும். அடியில் மெல்லிய சல்ஃபைடு படலம் இருந்தால் பிடிப்பும் கூடும், பச்சைக்கு ஆழமும் வரும். லிவர் ஆஃப் சல்ஃபர் (செம்பைக் கறுக்க வைக்கும் பொட்டாசியம் சல்ஃபைடு கலவை) கிடைத்தால் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 கிராம் போதும். கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடைப் பொருளே போதும். கந்தகத்தூள் 20 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 12 கிராம், தண்ணீர் 300 மி.லி. இவற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் திறந்த வெளியில் 45 நிமிடம் கொதிக்கவிடுங்கள், சுண்டச் சுண்டத் தண்ணீர் சேருங்கள். தேன் நிறத்தில் தெளிந்து மேலே நிற்பதை இறுத்து, லிட்டருக்கு 25 மி.லி. கலந்து பஞ்சால் தடவுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அரித்துவிடும். அந்தப் பாத்திரம் மறுபடி அடுக்களைக்குப் போகவும் கூடாது. இந்தக் கரைசலுக்குப் பக்கத்தில் வினிகர், எலுமிச்சை எதையும் வைக்காதீர்கள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது ஆளைச் சாய்க்கும். சீக்கிரம் கறுக்கட்டும் என்று கரைசலை அடர்த்தியாக வைப்பவர்கள் உண்டு. அப்படி வந்த கருப்பும் செதிலாகத்தான் உதிரும். சாக்லேட் நிறம் வந்ததும் நிறுத்திக் கழுவிவிடுங்கள்.

இப்போது பச்சைக்கான கரைசல். வெள்ளை வினிகர் 150 மி.லி. எடுத்து, அதில் அமோனியாத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வினிகர் வாடை மறைந்து அமோனியா வாடை லேசாக எட்டிப் பார்க்கும்போது நிறுத்த வேண்டும். 25 சதவீத அமோனியாவில் சுமார் 10 மி.லி. பிடிக்கும். 10 கிராம் நவச்சாரத்தை (அமோனியம் குளோரைடு) கரைத்துச் சேர்த்து, மொத்தம் 1 லிட்டராகும்படி தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரைடு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. உங்கள் கலவையில் உப்பு இதைப் போலப் பல மடங்கு. கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பைக் கூட்டுவதுதான் பெரிய தவறு.

அடிக்கும் விதத்தில்தான் வெற்றி தோல்வி. தகட்டைப் படுக்கவைத்து, ஓர் அடிக்கு மேலே உயரத்திலிருந்து பனி படிவது போல் அடியுங்கள். துளிகள் தனித்தனியாக நிற்க வேண்டும், ஒன்றோடொன்று கூடி ஓடக் கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த முறை. நாளுக்கு இரண்டு தடவை போதும். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும், அந்த நேரத்தில்தான் பொறுமையிழந்து ஊற்றிவிடுவோம். எட்டாம் நாள் நிறுத்தி, இரண்டு நாள் சும்மா விட்டு, ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். பாதி போய்விடும். போகட்டும், போனது களிம்பல்ல. நின்றதன் மேல் இன்னும் நான்கு நாள் ஏற்றுங்கள். இரண்டாம் சுற்றில் வருவது விரலுக்கு ஒட்டாது.

பட்டறை_கும்பகோணம்

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் தகட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

26 கேஜ் 0.46 மி.மீ.தான் இருக்கும். 2 அடி சதுரத்துக்கு அது போதவே போதாது. 22 கேஜ் வாங்குங்க, 0.71 மி.மீ. எடை 1.5 கிலோவிலிருந்து 2.4 கிலோவா ஏறும், காசும் அதே கணக்குல ஏறும், ஆனா தகடு தன் காலில் நிக்கும். 26-ல தான் செய்யணும்னா ஒரு அடிக்கு மேல போகாதீங்க, சின்னச் சின்னத் துண்டா செஞ்சு பலகையில சேர்த்து அடுக்குங்க. கடையில கேக்கும்போது ஹார்டா சாஃப்டான்னு கேட்டு வாங்குங்க. சுத்தியால தட்டி மேடு பள்ளம் எடுக்கிறதா இருந்தா சாஃப்ட். தட்டையா வேணும்னா ஹாஃப் ஹார்ட். சாஃப்ட் தகட்டைத் தூக்குறப்பவே கட்டை விரல் பள்ளம் விழும்.

ஓரத்தை நாலு பக்கமும் 12 மி.மீ. பின்னால மடிங்க. மூலையில 45 டிகிரி வெட்டிட்டு மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. இந்த மடிப்புதான் நெளிவைத் தடுக்கும். மடிப்பு வேலையெல்லாம் நிறம் ஏத்துறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், நிறம் ஏத்தின பிறகு வளைச்சா வளைவுல களிம்பு வெடிச்சுக் கொட்டும்.

நெருப்பால நிறம் எடுக்கிறதையும் சேர்த்துக்குங்க. ஒரு சொட்டு ரசாயனம் வேண்டாம். சுத்தமான தகட்டை மெதுவா சூடாக்கினா முதல்ல ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, ஊதா, நீலம், கடைசியில வெளிறின வெள்ளி மாதிரி ஒண்ணு வரும். மேல படியிற ஆக்சைடு எவ்வளவு கனம்ங்கிறதைப் பொறுத்து ஒளி பிரியிறதுதான் இது, சாயம் இல்ல. அதனால ஒரு விநாடி அதிகமானாலும் நிறம் தாண்டிப் போயிடும், திரும்ப வராது. தகட்டைச் செங்கல் மேல நிறுத்தி, பின்பக்கத்திலிருந்து சூடு காட்டுங்க. முன்னால தீ பட்டா தீநாக்கு போன வழி அப்படியே கோடா தெரியும். டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. அந்த இடம் மட்டும் விரிஞ்சு உப்பும், ஆறினாலும் அந்த உப்பல் முழுசா இறங்காது. உங்க தகடு நடுவுல உப்பினதுக்கும் பாதி காரணம் தகடு மெல்லிசு, பாதி காரணம் சுத்தி ஒட்டிட்டு நடுவுல விட்டது. கருஞ்சிவப்பா எரியிற அளவுக்குப் போயிட்டா கருப்புச் செதில் வரும், அது ஆறும்போதே கழண்டு விழும். அப்படி ஆனா எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 100 கிராமை ஒரு லிட்டர் சுடுதண்ணியில போட்டு அரை மணி நேரம் ஊறவெச்சுக் கழுவி, முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்.

மாட்டுறதுக்கு எம்.டி.எஃப். வேண்டாம். அதிலேருந்து வர்ற ஆவியும் செம்பை அரிக்கும், சென்னை ஈரத்துல ஊதவும் ஊதும். 12 மி.மீ. மெரைன் பிளைவுட் எடுத்து, ஆறு பக்கமும் ரெண்டு கோட் ஷெல்லாக் அடிச்சு, ஒரு வாரம் காயவிட்டு எடுங்க. ஓரத்துல வந்த பச்சைக் கோடு சிலிக்கானால வந்தது. காயும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் அசிட்டிக் அமிலம் விடும். நீங்க ஸ்ப்ரே பண்ற வினிகர்தான் அது, வேற வழியா வருது. டியூப்ல நியூட்ரல்னு போட்டிருக்கிறதை வாங்கி, பின்பக்கம் முழுக்க 15 செ.மீ.க்கு ஒரு பொட்டா வைங்க. கட்டமா ஓரம் மட்டும் ஒட்டக் கூடாது. ஸ்க்ரூ போடுறதா இருந்தா பித்தளை இல்லன்னா எஸ்.எஸ்., துத்தநாகம் பூசின இரும்பான ஜி.ஐ. ஸ்க்ரூ கிட்டயே போகக் கூடாது. செம்பும் இரும்பும் ஈரத்துல தொட்டுக்கிட்டா இரும்பு தின்னப்படும். மேலே ஒருத்தர் சொன்ன சுதந்திர தேவி சிலைக்கே அதான் கதை. உள்ளே இருந்த இரும்புச் சட்டம் துருப்பிடிச்சு ஊதி, செம்புல அடிச்ச ரிவெட்டைப் பிடுங்கிடுச்சு. 1980-கள்ல அத்தனை சட்டத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா மாத்தி, நடுவுல டெஃப்லான் வெச்சாங்க.

பலகையோட சேர்த்து 5 கிலோவுக்கு மேல வரும். சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சுக் கம்பி கட்டித் தொங்கவிடாதீங்க, சரிவா அறுத்த ரெண்டு மரச்சட்டம், ஒண்ணு சுவத்துல ஒண்ணு பலகையில, மேலேருந்து இறக்கி மாட்டுங்க.

அரூபன்

இருவருக்கும் மிக்க நன்றி. சிலிக்கான் வினிகர் வாடை அடித்தது உண்மைதான், அது தொடர்பு என்று தோன்றவே இல்லை.

மூன்று கேள்விகள். கிளியர் அடித்தே ஆக வேண்டுமா, அடித்தால் நீலத்தைக் காப்பாற்ற வழி உண்டா? அமோனியாப் புகை மூடிய பெட்டியில் வைத்தால் நல்ல நீலம் வரும் என்கிறார்களே, அது நிற்குமா? வியர்க்கும் புள்ளிகள் வந்த அந்தப் பழைய தகட்டை என்ன செய்வது? நடுவில் பித்தளைப் பட்டைகளைச் சுத்தியால் தட்டி, வளைத்துப் பதித்திருக்கிறேன், அதனால் தூக்கிப்போட மனமில்லை.

ஈரப்பதம்

வியர்க்கும் தகட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மற்ற வேலைகளுக்கும் பரவக்கூடிய தவறு. அருங்காட்சியகக்காரர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். பச்சைக்கு அடியில், செம்பை ஒட்டி, வெண்மையான செம்பு குளோரைடு தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொடும்போது அது பச்சைத் தூளாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதுச் செம்பை அரித்து மறுபடி குளோரைடு ஆகிறது. சுழற்சி நிற்காது. காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டினாலே இது ஓடத் தொடங்கும், கடலோர ஊரில் ஆண்டில் பெரும்பகுதி அதற்கு மேல்தான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்து செப்புத் திருமேனிகளுக்குப் பார்க்கும் வைத்தியத்தில் பெரும்பங்கு இந்த நோய்க்குத்தான். மேலே கிளியர் அடித்ததால் நோய் நிற்கவில்லை, உள்ளே பூட்டப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே அந்தத் தகட்டின் நிறத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள். தின்னரில் கிளியரைக் கரைத்து எடுத்து, எலுமிச்சை உப்புக் கரைசலில் களிம்பு முழுவதையும் நீக்கி, டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து மூன்று நான்கு நாள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பித்தளைப் பட்டைகள் பிழைக்கும். இனி எந்த வேலையையும் கிளியருக்கு முன் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். மூடியுள்ள பெட்டியில் ஈரப் பஞ்சோடு, பஞ்சு தகட்டில் படாமல், இரண்டு நாள் வையுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி கிளம்பினால் உள்ளே குளோரைடு இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இந்தச் சோதனையில் தேறாததை யாருக்கும் விற்காதீர்கள்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் குளோரைடே இல்லாத வழியையும் பழகிக்கொள்வது நல்லது. வார்ப்புப் பட்டறைகள் சிலைகளுக்குச் செய்வது காப்பர் நைட்ரேட் முறை. 500 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் 20 கிராம். தகட்டைத் தண்ணீர் பட்டால் சுர்ரென்று ஆவியாகும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிழிந்த பிரஷால் குத்திக் குத்தி மெல்லியதாக வைக்க வேண்டும். சூடு குறைவாக இருந்தால் கரைசல் குளம் கட்டிப் பிறகு தூளாக உதிரும், மிதமிஞ்சினால் பச்சை கருகிக் கருப்பாகும். பச்சைக்கு நடுவில் பொன் கலந்த பழுப்பு வேண்டுமானால் ஃபெரிக் நைட்ரேட், அதே தண்ணீருக்கு 10 கிராம். இரண்டிலும் வரும் புகை நைட்ரஜன் ஆக்சைடு. மொட்டை மாடி, எதிர்க்காற்று வராத திசை, நைட்ரஜன் ஆக்சைடுக்கென்று குறித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி. துணி மாஸ்க் இதற்கு உதவாது.

அமோனியாப் பெட்டி நீலம் தரும், அதில் சந்தேகம் இல்லை. ஒரு பங்கு 25 சதவீத அமோனியாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர், அதில் நனைத்த மரத்தூள் பெட்டியின் அடியில் இரண்டு விரல் உயரம். மேலே கம்பி வலை, அதன் மேல் தகடு, லேசாக வினிகர் பனி அடித்து, உப்பு சேர்க்காமல் மூடி 8 மணி நேரம். திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தெரியும் அந்த ஆழ்ந்த நீலத்தில் ஒரு பகுதி அமோனியா இருக்கும்வரைதான், காற்றில் ஒரு வாரம் இருந்தால் வெளிறி நீலப்பச்சைக்கு வரும். அந்த வாரம் கழியாமல் கிளியர் அடிக்கவே கூடாது. அடித்தால் உள்ளே இருக்கும் ஈரமும் அமோனியாவும் படலத்தைக் கொப்புளமாக்கும்.

இப்போது கறுப்பது ஏன் என்பதற்கு வருவோம். காய்ந்த மணலில் தண்ணீர் ஊற்றினால் கறுக்கிறதே, அதே காரணம். களிம்பு நுண்ணிய தூள், தூளுக்கு இடையில் காற்று, அதில் ஒளி சிதறுவதால்தான் நம் கண்ணுக்கு வெளிர்நீலம். கிளியர் அந்த இடைவெளிகளை நிரப்பினால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகும். ஆகவே தந்திரம் நனையாமல் அடிப்பதில் இருக்கிறது. மேட் அக்ரிலிக், 40 செ.மீ. தூரம், தகட்டில் விழும்போதே ஏறக்குறைய காய்ந்திருக்க வேண்டும். அரை மணி நேர இடைவெளியில் நான்கு பனிப்படலம். முதல் இரண்டில் தகடு நனைந்தது போலத் தெரிந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படியும் ஒரு படி கறுக்கும். அதனால் களிம்பையே நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி வெளிராக முடியுங்கள். மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வெண்மூட்டமாக மாறும். வெயில் ஏறிய 11 மணிக்குப் பிறகு அடியுங்கள்.

தண்ணீர் கலந்த அக்ரிலிக் மீடியங்கள் வேண்டாம், பலவற்றில் அமோனியா உண்டு, செம்பு உப்பைக் கரைத்துத் தானே பச்சையாகிவிடும். மர வேலைக்கான பாலியூரித்தேன் மஞ்சளிக்கும், பின்னால் கழற்றவும் முடியாது. கழற்ற முடிவது முக்கியம், ஏனென்றால் எந்தப் பூச்சும் நிரந்தரமல்ல. செம்புக்கென்றே உருவான இன்க்ராலாக் கிடைத்தால் அதற்கு மேல் இல்லை. அக்ரிலிக் ரெசினோடு, செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் சேர்ந்தது, சர்வதேசச் செம்பு ஆய்வுக் கழகம் 1960-களில் உருவாக்கியது. கிடைக்காவிட்டால் பென்சோடிரையசோலை மட்டும் வாங்கி, ஆல்கஹால் 100 மி.லி.-க்கு 3 கிராம் கரைத்து, கிளியருக்கு முன்னால் ஒரு முறை மென்மையாகத் தடவிக் காயவிடுங்கள். கையுறை கட்டாயம், அது உடம்புக்கு ஆகாத பொருள்.

கிளியரே வேண்டாம் என்றால் மெழுகு. தேன்மெழுகு மட்டும் போட்டால் நம் வெயிலில் இளகித் தூசியைப் பிடிக்கும். தேன்மெழுகு 40 கிராமுக்கு கார்னாபா மெழுகு 10 கிராம், டர்பன்டைன் 150 மி.லி. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு டர்பன்டைனைச் சேருங்கள். மெழுகும் கறுக்கச் செய்யும், ஆனால் கருப்பு, பழுப்பு, செம்பின் சொந்த நிறம் ஆகியவற்றுக்கு அது தரும் ஆழம் வேறு எதிலும் வராது. என் விருப்பம் கலப்புதான். பச்சை நீலப் பகுதிகளுக்கு மேட் கிளியர், அது நன்கு காய்ந்ததும் வெறும் செம்புப் பகுதிகளுக்கு மெழுகு. நெருப்பு நிறங்களுக்கு எதைப் போட்டாலும் நீலமும் ஊதாவும் கொஞ்சம் மங்கும், துண்டுத் தகட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோடும்_தகடும்

பித்தளைப் பட்டை என்று படித்ததும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டி வளைத்த பித்தளையை அமோனியாப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையும் அமோனியாவும் சேர்ந்தால் கண்ணாடி போல் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் கிடந்தபோது தாமாகவே பிளந்தன. ஆங்கிலத்தில் சீசன் கிராக்கிங் என்ற பெயரே அந்த மழைப் பருவத்திலிருந்து வந்தது, லாயத்து அமோனியாதான் காரணம் என்பது 1920-களின் தொடக்கத்தில் தெளிவானது. செம்புக்கு இந்தப் பயம் இல்லை. ஆகவே செம்பு வேலை முழுதும் முடித்து, கழுவி, காய்ந்த பிறகு பித்தளையைப் பதியுங்கள்.

வேதியியலை மற்றவர்கள் சொல்லிவிட்டதால் படத்தைப் பற்றிக் கொஞ்சம். தகடு முழுக்க ஒரே மாதிரி பச்சை வந்தால் அது பழைய கூரை, வேலையல்ல. களிம்பு எங்கே வரக் கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யும்போதுதான் அது உங்கள் படம் ஆகிறது. உருக்கிய தேன்மெழுகைப் பிரஷால் இழுத்தால் விளிம்பு மென்மையாக வரும், நெயில் பாலிஷில் கூர்மையாக வரும், பின்னர் அசிட்டோனில் கழுவிவிடலாம். மாஸ்கிங் டேப் மட்டும் நம்பகமில்லை, கரைசல் அடியில் ஊறிப் போகும். ஓரத்தை நகத்தால் அழுத்தி, மேலே ஒரு கோடு நெயில் பாலிஷ் கொடுத்தால் தாங்கும். கரைசலில் நனைத்துப் பிழிந்த மரத்தூளைத் தூவி, பாலிதீனால் ஒரு நாள் மூடினால் புள்ளி புள்ளியாக, பாறை போன்ற பரப்பு. அதே இடத்தில் சணல் துணியை வைத்தால் நெசவு அப்படியே பதியும். இவற்றில் ஒரு வேலைக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஐந்தையும் ஒரே தகட்டில் காட்டினால் சாம்பிள் அட்டைதான் மிஞ்சும்.

இன்னும் ஒன்று, தட்டையாகவே யோசிக்காதீர்கள். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உங்களுக்கு எட்டும் தூரம்தான், கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கியது. அங்கிருந்த பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து, மேலே உலோகக் கம்பியால் கோடிழுத்து, முன்னிருந்து பார்ப்பதற்கென்றே சிற்பம் செய்தவர். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து எனாமல் நிறம் சேர்த்தவர். இருவரும் உருவத்தை விடவில்லை, உங்கள் வழி வேறு. ஆனால் தகட்டின் மேட்டில் ஒளி எப்படி நிற்கிறது, பள்ளத்தில் கருமை எப்படித் தங்குகிறது என்பதை நேரில் பார்த்தால் அரை அங்குல மேடுகூட எவ்வளவு செய்யும் என்று புரியும். மேடான இடத்தை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரமாக ஒரு தேய் தேய்த்தால் பச்சை விலகிச் செம்பு எழும். தண்ணீர் இல்லாமல் மட்டும் தேய்க்காதீர்கள், அந்தப் பச்சைத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

அரூபன்

22 கேஜ், கருப்பு அடித்தளம், நவச்சாரக் கரைசல், ஈரப்பெட்டிச் சோதனை, நியூட்ரல் சிலிக்கான். இந்த வரிசையில் முதலில் 6 அங்குலத் துண்டுகள் நான்கில் செய்து பார்க்கிறேன். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா?

களிம்பேறி

விடக் கூடாது. செம்பு உப்பு மீனையும் பாசியையும் கொல்லும், செப்டிக் டேங்கில் போனால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களும் போய்விடும். எல்லாக் கழுவல் நீரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள், கந்தகக் கரைசலுக்கு மட்டும் தனி வாளி. செம்பு வாளியில் கசங்கிய ஸ்டீல் உல் இரண்டு உருண்டை போட்டு ஒரு வாரம் மூடாமல் வையுங்கள். இரும்பு கரைந்து, செம்பு சிவந்த சேறாக அடியில் இறங்கும். மேலே நீலம் துளியும் இல்லாமல் பழுப்பாக மாறிய பிறகு சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மிச்சமும் படிந்துவிடும். அமோனியா கலந்த நீர் மட்டும் சோடாவுக்கு முழுதாகப் படியாது, அதைத் திறந்த வெளியில் சில நாள் ஆறவிட்டு அமோனியா வாடை போன பிறகு வாளியில் ஊற்றுங்கள். சேற்றை வடிகட்டிக் காயவைத்து, மூடிய டப்பாவில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்த நான்கு துண்டுகளின் பின்புறத்திலும் கரைசலின் அளவு, எத்தனை முறை அடித்தது, எந்தத் தேதி என்பதை ஆணியால் கீறி எழுதிவிடுங்கள், மார்க்கர் மை கழுவலில் நிற்காது.